ஊரில் ஓர் இடம்: பெர்னூலி குடும்பம் பாசலுக்குத் திரும்பிய கதை

பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி இலக்கியமும் வரலாறும் நிறையவே பேசியிருக்கின்றன. வெளியூரில் பெயரும் பதவியும் பெற்ற ஒருவர், மனைவி மக்களுடன் வீட்டைக் காலி செய்துகொண்டு, பிறந்த ஊரிலேயே ஒரு புதிய வேலைக்குத் திரும்பி வருவதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. திரும்பி வருதலைக் கதையின் முடிவாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஊர் திரும்பியவர் ஊரோடு கலந்துவிடுவார். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

சொல்ல நிறைய உண்டு என்பதற்குச் சான்றாக ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். 1705ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், நெதர்லாந்தின் வடபகுதியிலுள்ள குரோனிங்கன் நகரிலிருந்து, அங்கே பத்தாண்டுகள் கணிதப் பேராசிரியராக இருந்த யோஹான் பெர்னூலி தம் மனைவி டோரத்தேயாவுடனும் பிள்ளைகளுடனும் சொந்த ஊரான பாசலுக்குப் புறப்பட்டார். கணித வரலாற்று நூல்களில் இப்பயணம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளுள் சிலர் பாசலில் உருவானதற்கும், உருவானவர்கள் அங்கே தங்க முடியாமல் போனதற்கும் அந்தப் பயணத்தில் ஒரு வேர் இருக்கிறது என்பது நம் கருத்து.

*

பெர்னூலி குடும்பம் பாசலின் பூர்வகுடி அன்று. ஸ்பானிய ஆட்சியின் மதக் கெடுபிடிகளுக்குத் தப்பி ஆண்ட்வெர்ப் நகரை விட்டு வெளியேறிய புராட்டஸ்டண்ட் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. சில காலம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த அவ்வம்சத்தின் ஒரு கிளை பாசலுக்கு வந்து, 1622இல் அந்நகரின் குடியுரிமையைப் பெற்றது. குடும்பத் தொழில் நறுமணச் சரக்கு வணிகம். அடுத்த தலைமுறையில் நிக்கோலாஸ் பெர்னூலி வணிகத்தோடு நகரசபையிலும் இடம்பெற்றார். அகதியாக வந்த குடும்பம் ஒரே தலைமுறையில் ஊர்ப் பெரிய மனிதர் குடும்பமாகிவிட்டது.

ரைன் நதி வடக்கே திரும்பும் வளைவில் அமைந்த பாசல் அன்று பதினைந்தாயிரம் பேர் அளவில் வாழ்ந்த சிறு நகரம். அங்கே 1460இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் பேராசிரியர் பதவிகள் மிகச் சில. ஒரு துறைக்கு ஒரு பீடம். அந்தப் பீடங்களும் நடைமுறையில் ஊர்க் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்குள்ளேயே, தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனாரிடமிருந்து மருமகனுக்கும் சுற்றிவந்தன. பீடத்தில் இருப்பவர் இறந்தால் அல்லது விலகினால் ஒழிய அடுத்தவருக்கு வழியில்லை. இந்த ஒரு செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வருவன எல்லாம் விளங்கும்.

நிக்கோலாஸின் மூத்த பிள்ளைகளுள் ஒருவரான யாக்கோப் 1655இல் பிறந்தவர். தந்தை அவரை இறையியல் படிக்க வைத்தார். அவர் கணிதத்தின் பக்கம் போனார். பத்தாவது பிள்ளையான யோஹான் 1667இல் பிறந்தார். தந்தை அவரைக் கடைத்தொழிலுக்குப் பழக்கப் பார்த்தார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. பிறகு மருத்துவம் படிக்க அனுப்பினார். யோஹான் மருத்துவம் படித்துக்கொண்டே, தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணனிடம் கணிதம் கற்றார்.

1684இல் லைப்னிட்ஸ் வெளியிட்ட நுண்கணிதக் கட்டுரை அக்காலத்தவருக்கு ஏறக்குறைய ஒரு புதிர். அதை அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து அவிழ்த்தார்கள். லைப்னிட்ஸின் புதிய முறையை முதலில் உள்வாங்கிக் கையாண்டவர்கள் இவ்விருவருமே. 1687இல் யாக்கோப் பாசலில் கணிதப் பேராசிரியர் ஆனார். அந்த ஆண்டிலிருந்தே, கணிதத்தில் அண்ணனுக்கு நிகராக வளர்ந்துகொண்டிருந்த தம்பிக்குச் சொந்த ஊரின் கதவு அடைபட்டுவிட்டது. அதை அடைத்தது பகைமை அன்று. பீடம் ஒன்றுதான், அதில் அண்ணன் இருந்தார். பகைமை பின்னால் வந்தது. அண்ணன் தம்பியை இன்னும் தம் மாணவனாகவே கருதினார். தம்பியோ தாம் அண்ணனை மிஞ்சிவிட்டதாக ஊரறியச் சொல்ல விரும்பினார்.

1694இல் யோஹானுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் டோரத்தேயா பாசலின் செல்வாக்குள்ள ஃபால்க்னர் குடும்பத்துப் பெண். மறு ஆண்டு ஹைகன்ஸின் பரிந்துரையால் குரோனிங்கனில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1695 செப்டம்பர் 1ஆம் நாள், ஏழு மாதக் கைக்குழந்தை நிக்கோலாஸுடன் தம்பதியர் கிளம்பினர். பிரான்சுக்கும் அதை எதிர்த்த கூட்டணிக்கும் இடையே 1688இல் தொடங்கிய ஒன்பதாண்டுப் போர் அப்போது ஓயவில்லை. ரைன் நெடுகப் படைகள் நின்றிருந்த காலம். மகளையும் பேரனையும் அந்த வழியில் அனுப்பி வைக்க மாமனாருக்குச் சிறிதும் விருப்பமில்லை.

*

குரோனிங்கனில் யோஹானின் புகழ் வளர்ந்தது. உயரத்திலிருந்து ஒரு புள்ளிக்கு மிகக் குறைந்த நேரத்தில் ஒரு பொருள் வழுக்கி இறங்கவேண்டுமானால் அதன் பாதை எந்த வளைவாக இருக்கவேண்டும் என்ற புகழ்பெற்ற வினாவை 1696இல் அவர் ஐரோப்பியக் கணிதர்கள் முன் வைத்தார். லைப்னிட்ஸும் நியூட்டனும் லோப்பிதாலும் விடையளித்தனர்; யாக்கோபும் அளித்தார். யாக்கோப் அதோடு நிற்கவில்லை. தம்பியைக் குறிவைத்து அதனினும் கடினமான ஒரு கணக்கை எதிர்வினாவாக வீசினார். யோஹான் தந்த தீர்வில் பிழை இருந்தது. அண்ணன் அதை அச்சிலேயே சுட்டினார். ஒரே வீட்டில் ஒரே நூலைச் சேர்ந்து படித்த இருவர், அறுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்துகொண்டு ஆய்விதழ்களின் வழியே சண்டையிட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் மாறுபாட்டு நுண்கணிதம் என்ற துறை பிறந்தது.

அயலூர் வாழ்க்கை முழுதும் இனிப்பாக இருக்கவில்லை. உடலிலுள்ள பருப்பொருள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது என்று உணவூட்டம் பற்றி 1699இல் யோஹான் எழுதியதை, இறந்த உடல் உயிர்த்தெழும் என்ற கோட்பாட்டுக்கு எதிரானது என்று அங்கிருந்த சமயவாதிகள் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சச்சரவு சில ஆண்டுகள் நீடித்தது. 1700 பிப்ரவரியில் இரண்டாவது மகன் டானியல் அங்கேயே பிறந்தான்.

ஆயினும் குடும்பத்தை ஊருக்குத் திருப்பியது சமயச் சண்டையோ கணிதச் சண்டையோ அன்று. பாசலிலிருந்த மாமனார் மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க ஏங்கினார். தாம் இனி நெடுநாள் இருக்கப்போவதில்லை என்றும் சொல்லி அனுப்பினார். அந்த அழைப்புக்கு யோஹான் இணங்கினார். கணிதப் பீடத்தில் அண்ணன் இருந்தபடியால் அது அவர் கணக்கிலேயே இல்லை. பாசலில் அவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது கிரேக்க மொழிப் பேராசிரியர் பதவிதான். நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் சமமாகப் பேசப்பட்ட ஒரு கணிதர், ஊர் திரும்புவதற்காகக் கிரேக்கம் கற்பிக்கத் தயாராகிவிட்டார்.

இவ்விடத்தில் தேதிகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அண்ணனின் பீடத்துக்கு ஆசைப்பட்டே யோஹான் ஊர் திரும்பினார் என்ற எண்ணம் எளிதில் எழக்கூடியது. அவர் குணத்தை அறிந்தவர்கள் அதை நம்பவும் செய்வார்கள். காசநோயால் நலிந்திருந்த யாக்கோப் 1705 ஆகஸ்ட் 16ஆம் நாள் பாசலில் இறந்தார். யோஹான் குடும்பம் குரோனிங்கனை விட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் 18ஆம் நாள். இரு நகரங்களும் 1701இல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டிருந்தன என்பதால் இவ்விரு தேதிகளையும் நேராகவே ஒப்பிடலாம். குதிரையும் படகுமே கதியாக இருந்த காலத்தில் பாசலின் செய்தி இரண்டு நாளில் வடகடல் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க இயலாது. ஆகவே வீட்டைக் காலி செய்து வண்டியேறிய யோஹானுக்கு அண்ணன் இறந்தது தெரியாது. அண்ணன் உயிரோடு கணிதப் பீடத்தில் இருக்கும் ஊருக்கே அவர் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில்தான் செய்தி அவரை எட்டியது.

இம்முறையும் போர்க்காலமே. ஸ்பானிய அரியணைக்கான போர் 1701இல் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. யோஹானைத் தம் பல்கலைக்கழகத்துக்கு எப்படியாவது அழைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பிய உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர், புறப்பட்டுவிட்ட குடும்பத்தின் பின்னாலேயே பயணம் செய்து ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர்களைப் பிடித்தார். எவ்வளவு சொல்லியும் யோஹான் மனம் மாறவில்லை. பத்து வயது நிக்கோலாஸும் ஐந்து வயது டானியலும் உடனிருக்க, பயணம் தெற்கு நோக்கித் தொடர்ந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை இதை ஊர் திரும்புதல் என்று சொல்வதற்கில்லை. கைக்குழந்தையாய் வந்த மூத்தவனுக்கு நினைவு தெரிந்த ஊரும், இளையவன் பிறந்த ஊரும் குரோனிங்கன்தான். பெற்றோர் திரும்பினார்கள், பிள்ளைகள் புலம்பெயர்ந்தார்கள்.

*

பாசல் வந்து சேர்ந்த யோஹான் கணிதப் பீடத்தைப் பெறுவதற்கு மும்முரமாக முயன்றார். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பெற்றும்விட்டார். கிரேக்கம் மறந்துபோயிற்று. இதில் கள்ளத்தனம் ஏதும் இல்லை; அவரைவிடத் தகுதியுள்ளவர் அன்று ஐரோப்பாவிலேயே ஓரிருவர்தான். ஆனாலும் இறந்தவரின் வீட்டில் அது எப்படிப் பட்டிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். யாக்கோபின் மனைவியும் மகனும் யோஹானை நம்பவில்லை. யாக்கோப் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை அவர் கண்ணில் காட்டவும் விரும்பவில்லை. அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலை யாக்கோபின் மாணவர் யாக்கோப் ஹெர்மனிடம் போயிற்று. நிகழ்தகவுக் கணிதத்தின் அடித்தள நூலான யாக்கோபின் ‘ஆர்ஸ் கான்ஜெக்டாண்டி’ அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து 1713இல்தான் பாசலில் அச்சேறியது. அதற்கு முன்னுரை எழுதியவர் அவர் தம்பி அல்லர். மற்றொரு சகோதரரின் மகனான நிக்கோலாஸ்.

யாக்கோபின் நினைவுக்கல் பாசல் பேராலயத்தில் இன்றும் இருக்கிறது. தமக்கு மிகவும் பிடித்த மடக்கைச் சுருளையும், மாறினாலும் அதுவாகவே மீண்டும் எழுவேன் என்ற பொருள்படும் இலத்தீன் வாசகத்தையும் அதில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கல்தச்சர் வாசகத்தைச் சரியாகவே பொறித்தார். சுருள்தான் மாறிவிட்டது, அவர் செதுக்கியது ஆர்க்கிமிடீஸ் சுருள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வளர வளரத் தன் வடிவை அப்படியே தக்கவைத்துக்கொள்வது மடக்கைச் சுருள் மட்டுமே.

யோஹான் அந்தப் பீடத்தை விட்டு எழவில்லை. லைடனிலிருந்தும் பாடுவாவிலிருந்தும் பழைய குரோனிங்கனிலிருந்துமே அழைப்புகள் வந்தன, எதையும் ஏற்கவில்லை. 1748 ஜனவரி 1ஆம் நாள் இறக்கும்வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் பாசலின் கணிதப் பேராசிரியர் அவரே. அவருக்குப் பின் அப்பதவி, குடும்பம் ஊர் திரும்பிய பிறகு 1710இல் பிறந்த மகன் இரண்டாம் யோஹானுக்குப் போயிற்று. அவர் 1790 வரை இருந்தார். 1687 முதல் 1790 வரை, நூற்று மூன்று ஆண்டுகள், அண்ணன், தம்பி, தம்பி மகன் என்று ஒரே குடும்பத்தின் மூவரே அந்த ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தார்கள்.

*

ஊர் திரும்பிய ஒருவரால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், விடை ஒரு பெயரிலேயே அடங்கும்: லெயொனார்ட் ஆய்லர். யோஹான் திரும்பி இரண்டாண்டுகள் கழித்து, 1707இல் பாசலில் பிறந்தவர். அவருடைய தந்தை பால் ஆய்லர் இளமையில் யாக்கோபின் வகுப்புகளில் பயின்றவர், யோஹானுக்குப் பழக்கமானவர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சிறுவன் ஆய்லருக்குத் தனியாகப் பாடம் சொல்லித்தர யோஹானுக்கு நேரமில்லை. தானே கடினமான நூல்களைப் படித்துக்கொண்டு, விளங்காதவற்றைச் சனிக்கிழமை பிற்பகல்களில் வந்து கேட்கலாம் என்று அனுமதித்தார். வேறு எந்த ஏற்பாட்டாலும் அப்படி ஒரு பயிற்சி அந்தச் சிறு நகரத்தில் அவனுக்குக் கிடைத்திருக்காது. மாமனாரின் ஏக்கம் ஆய்லருக்கு ஓர் ஆசிரியரைத் தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அதே திரும்புதல் ஆய்லருக்கு இடமில்லாமலும் செய்தது. யோஹானின் மகன்கள் நிக்கோலாஸுக்கும் டானியலுக்கும்கூட அதே கதிதான். பதவிகள் சில குடும்பங்களுக்குள்ளேயே முடங்கிப்போனதைச் சரிசெய்ய, மூன்று பெயர்களைத் தேர்ந்து அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி எடுக்கும் முறையை 1718இல் பாசல் கொண்டுவந்தது. டானியலுக்கு இருமுறை சீட்டு விழவில்லை. 1725இல் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக அமைந்த அறிவியல் கழகத்துக்கு அண்ணனும் தம்பியும் கிளம்பினார்கள். யாக்கோபின் தாள்களை ஒழுங்குசெய்த ஹெர்மனும் அவ்வாண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். மூத்த மகன் நிக்கோலாஸ் மறு ஆண்டே அங்குக் காய்ச்சலில் இறந்தார். 1727இல் பாசலின் இயற்பியல் பீடத்துக்கு விண்ணப்பித்த ஆய்லரின் பெயர் சீட்டுக் குலுக்கலுக்கான மூவர் பட்டியலிலேயே இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அவரும் பீட்டர்ஸ்பர்க்குக்குப் புறப்பட்டார். நேவா நதிக்கரையில் உலகின் தலைசிறந்த கணிதக் கூடம் உருவானதற்கு ரஷ்யப் பேரரசின் செல்வம் ஒரு காரணம். பாசலில் நாற்காலிகள் போதாமல் இருந்தது மற்றொரு காரணம்.

அவர்களிலும் சிலர் ஊர் திரும்பினார்கள். எந்த வேலைக்குத் திரும்பினார்கள் என்பதைப் பார்த்தால் இக்கதையின் போக்கு தெளிவாகும். ஹெர்மன் 1731இல் பாசலுக்கு வந்தது அறவியல் பேராசிரியராக. இரண்டே ஆண்டில் இறந்தார். டானியல் தம்பி யோஹானுடன் நீண்ட பயணம் செய்து வந்து சேர்ந்தது உடற்கூறு, தாவரவியல் பேராசிரியராக. இயற்பியல் பீடத்துக்காக 1750 வரை காத்திருந்தார். யோஹான் அன்று வண்டியேறியது கிரேக்கத்துக்காக. அறிவு ஒரு பக்கம், காலியிடம் வேறொரு பக்கம். ஊர்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் காலியிடத்துக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டார்கள். யோஹான் ஒருவருக்கு மட்டுமே ஊரும் தொழிலும் ஒருசேர வாய்த்தன; அதுவும் அண்ணனின் மரணத்தால்.

திரும்பி வந்த மகனோடு யோஹான் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம்மைக் கடையில் உட்காரவைக்கப் பார்த்த தந்தையைப் போலவே அவரும் டானியலை வணிகத்துக்குப் பழக்கப் பார்த்தவர். 1734இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, மகன் தமக்குச் சமமாக வைக்கப்பட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1738இல் வெளியான தம் ‘ஹைட்ரோடைனமிக்கா’வின் முகப்பில் டானியல் தம்மை யோஹானின் மகன் என்றே குறித்துக்கொண்டார். தந்தையோ அதே பொருளில் தாம் எழுதிய நூலை 1742இல் அச்சிட்டபோது, அது 1732ஆம் ஆண்டுக்குரியது என்று முன்தேதியிட்டார். அண்ணனோடு தொடங்கிய கணக்கை அவர் மகனோடும் தீர்த்துக்கொண்டிருந்தார். உறவுகளுக்காகத் திரும்பிய ஊரில் உறவுகளே அவருக்குத் தீராத வழக்காயின.

ஆய்லர் பிறகு பாசலுக்குத் திரும்பவேயில்லை. அந்நகரின் குடியுரிமையை மட்டும் கடைசிவரை விடாமல் வைத்திருந்தார். 1741இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். 1745இல் தந்தை இறந்தார். தாய் மார்கரெத்தா பாசலில் தனியானார். அன்று யோஹானை அழைத்த மாமனாரைப் போல மகனையும் பேரப்பிள்ளைகளையும் ஊருக்கு வரச்சொல்ல அந்தத் தாய்க்கும் காரணம் இருந்தது, ஊரில்தான் இடமில்லை. 1750இல் அவர் வடக்கு நோக்கிப் பயணமானார். ஆய்லர் பெர்லினிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை வந்து தாயை எதிர்கொண்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உட்ரெக்டின் அழைப்பை மறுத்துவிட்டு யோஹான் குடும்பம் ஊரை நோக்கித் திரும்பியதும் அதே நகரில்தான். அங்கிருந்து தாயை அழைத்துக்கொண்டு ஆய்லர் பெர்லினுக்குப் போனார். 1761இல் இறக்கும்வரை மார்கரெத்தா மகன் வீட்டிலேயே இருந்தார்.